ஏழாம் நிபந்தனையும் தெற்கு வாசலும்

கொழும்பு
4.12.1938

என் வணக்கத்துக்குரிய ஐயாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படியென்று எழுதுங்கள்.

நான் படம் வரைந்து கொடுத்த நம்மூர் அரசாங்க மருந்துச்சாலையில் ஒரு சின்னச் சங்கதி. பயப்பட ஒன்றுமில்லை. வடகிழக்கு வாடைக்காற்றோடு மழை புகுந்து மருந்தெல்லாம் நனைந்துவிட்டதாம். மழை புகாதிருக்கத்தான் வாசலைத் தெற்கே வைத்தேன். அதைக் கிழக்கே மாற்றியது யார் என்று அதைக் கட்டிய மேசன் வல்லிபுரத்துக்கு எழுதிக் கேட்டேன்.

"தம்பி, உங்கடை ஐயாதான் வந்து நிண்டு சொன்னவர். தெற்கு யமன்ரை திசை, நோயாளியள் அதாலை போகக்கூடாது எண்டார். நீங்கள் சொல்லிவிட்டதெண்டு நினைச்சன்" என்று பதில் வந்திருக்கிறது.

ஐயா, படம் என்னுடையது, கட்டுவது அரசாங்கம். இடையில் நீங்கள் எதற்கு? ஒப்பந்தத்தின் ஏழாம் நிபந்தனை என்ன சொல்கிறது தெரியுமா? கட்டடத்தில் எவர் பிழை விட்டாலும் படம் வரைந்தவனே பொறுப்பு. காற்றுக்கும் மழைக்கும்கூட நான்தான் பொறுப்பாம்! அதில் கையெழுத்து வைக்காவிட்டால் வேலையே தரமாட்டார்கள். இப்போது விளக்கம் கேட்டு அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம்.

வாசலுக்கு ஒரு தென்னோலைக் கிடுகுத் தட்டி கட்டுவியுங்கள். திசை பார்க்காமல், மழை வரும் பக்கம் பார்த்துக் கட்டச் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டு வேப்பம்பூ வடகம் கொஞ்சம் அனுப்புங்கள். கடைச் சோறு தனியே இறங்குவதில்லை.

தபாலுக்கு நேரமாகிறது. கந்தோருக்குப் பதில் போட்டுவிட்டேன், பிழை என்னுடையதென்று. நீங்கள் யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். வாசலை மாற்றியது யாரென்று அந்தப் பாழாய்ப்போன நிபந்தனை கேட்கவில்லை. இன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் கும்பிட்டேன்.

உங்கள் மகன்,
பரமலிங்கம்