வேறெங்கும் இருக்கவில்லை

ஜூன் 2, செவ்வாய்

ஆய்வுப் பிரிவிலிருந்து கடிதம். வருகைப் பதிவு சரிபார்ப்பாம், வெள்ளிக்குள் நேரில் வர வேண்டுமாம். அரையாண்டில் முன் அனுமதியில்லாமல் அறுபது நாளுக்கு மேல் வராவிட்டால் முனைவர் பட்டப் பதிவு ரத்து. விதி எனக்கு மனப்பாடம். நான் எழுபத்தெட்டு நாள் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடும் பச்சை நாற்காலியில் இருந்தேன். அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்து, விடுப்புக் கடிதமே எழுதவில்லை. அப்பாவும் போய்விட்டார். இப்போது ஐந்து வருட உழைப்பும் போகப்போகிறது. போனால் போகட்டும் என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய மனுஷி இல்லை.

ஜூன் 3, புதன்

கைக்குட்டையோடு போனேன், அழுவதற்குத் தயாராக. பிரிவு எழுத்தர் அம்மாள் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"எல்லா நாளும் வந்திருக்கியேம்மா. எதுக்கு இப்படி வேர்க்குது உனக்கு?"

எழுபத்தெட்டுக் கையெழுத்து. எல்லாம் என்னுடையவை. கடைசி எழுத்தின் வாலை இழுத்துப் பெயருக்கு அடிக்கோடு போடுவேனே, அப்பா 'எலிவால்' என்று கிண்டல் செய்வாரே, அது உட்பட. அப்பா போன நாளிலும் இருக்கிறது. காலை 9.10. அந்த நேரத்தில் நான் அவர் கண்களை மூடிவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆய்வகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரன் 'கொசு' — காதருகே ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர் — உதவி செய்வதாக நினைத்துப் போட்டுத் தொலைத்தானோ என்று கேட்டேன். முறைத்தான்.

"நான் எதுக்குப் போடணும்? தினமும் எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்ப. பேசத்தான் மாட்ட."

ஜூன் 4, வியாழன்

என் ஆய்வகக் குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த எழுபத்தெட்டு நாளும் எழுதியிருக்கிறது. மண் மாதிரிகள், ஈரப்பதம், அளவுகள். என் கையெழுத்து, என் சுருக்கக் குறிகள். இரண்டு வருடமாக எனக்குப் பிடிபடாத முடிவு அதில் பிடிபட்டிருக்கிறது. வழிகாட்டி மகிழ்ந்துபோய், இந்த மூன்று மாத வேலைதான் உன் ஆய்வுக்கே முதுகெலும்பு என்றார். நன்றி சார் என்றேன். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஜூன் 5, வெள்ளி

உறுதிமொழிப் படிவம். ஒரே வரிதான்: 'மேற்கண்ட நாட்களில் நான் துறையில் இருந்தேன், வேறெங்கும் இருக்கவில்லை.' பின்பாதி எதற்கு என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"எப்பவும் அப்படித்தாம்மா இருக்கு. வேணாம்னா ஏழு நாளுக்குள்ள வாபஸ் வாங்கிக்கலாம். ஆனா பதிவு போயிடும், பாத்துக்க."

போட்டுவிட்டேன். எலிவாலோடு. இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? அப்பா இருந்திருந்தால் போடச் சொல்லியிருப்பார். அவர் கடைசியாகப் பேசியது என்னிடம்தான்: "ஜன்னலை மூடாத. நீ இருக்கறப்ப எனக்குக் குளிரல." அது எனக்குப் போதும்.

ஜூன் 7, ஞாயிறு

பர்ஸில் ஆஸ்பத்திரி அட்டை வைத்திருந்தேன், நோயாளியோடு தங்குபவருக்குத் தருவது, அத்தனை நாளும் என் கழுத்தில் தொங்கியது. அதில் தம்பி படம். தம்பி பெயர்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு நான்தானேம்மா தினமும் முகம் துடைச்சேன் என்று கத்தினேன்.

"உன்ன யாருடி குறை சொன்னா? உனக்குப் படிப்பு இருந்துச்சு. அவருதான் கடைசி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு கிடந்தாரு, பெரியவ வந்துட்டாளான்னு."

ஐயோ. நான் வந்தேனே. அங்கேயே இருந்தேனேம்மா.

ஜூன் 8, திங்கள்

வாபஸ் வாங்கப்போகிறேன். பட்டமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கடிதம் எழுதிப் பையில் வைத்தாயிற்று. கொடுக்கப் போகும் வழியில் வழிகாட்டி பிடித்துக்கொண்டார், மூன்றாம் அத்தியாயம் வியாழனுக்குள் வேண்டுமாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன். வெள்ளி வரை நேரம் இருக்கிறதே.

ஜூன் 10, புதன்

அத்தியாயம் தண்ணீராக ஓடுகிறது. அந்த ஆஸ்பத்திரி நாற்காலி என்ன நிறம்? நீலம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 12, வெள்ளி

முன்னேற்றம் திருப்திகரம் என்று ஆணை வந்துவிட்டது. கொசு டீ வாங்கிக் கொடுத்தான். பையைச் சுத்தம் செய்யும்போது என் கையெழுத்தில் ஒரு வாபஸ் கடிதம் கிடைத்தது. எந்தப் பைத்தியத்தில் எழுதினேனோ, கிழித்துப் போட்டேன்.

அப்பா முடியாமல் கிடந்தபோது ஒரு நாளாவது போயிருக்கலாம். அத்தனை நாளும் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தேன், இது என்னை ஆயுசுக்கும் விடாது. இந்த நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினால், ஜன்னலை மூடாதே என்று அவர் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது. அவர் யாரிடம் சொன்னார்? தம்பியிடம் கேட்க வேண்டும்.