ரப்பர் பால் பூசிய தூண்டில்

கால்வே, அயர்லாந்து
2 பிப்ரவரி 2025

பிரியமுள்ள அத்தானுக்கு ஷைஜா எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதமாகிறது. லீவு முடிந்து நான் திரும்பியதும் ஒரு தடவை பேசினீர்கள், அதற்குப் பிறகு ஒரு நாளும் போனை வாங்கமாட்டேன் என்கிறீர்கள். உங்கள் தங்கை அபினா சொல்லித்தான் எல்லாம் தெரிகிறது. "அண்ணன் ஆத்துல முட்டளவு தண்ணியில தனியா நிக்காரு மைனி, சொன்னா கேக்க மாட்டேங்காரு" என்கிறாள். கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் நர்ஸாக இருக்கும் வார்டில் இருந்த பெரியவர் தந்த மீன்பிடி ரீலையும் தூண்டில் செய்யும் படப் புத்தகத்தையும் இங்கிருந்து ஊருக்கு வந்த லிஜினிடம் கொடுத்துவிட்டது எதற்கு? வீட்டில் உட்கார்ந்து சுற்றினால் விரலுக்குப் பயிற்சியாகுமே என்றுதான். வழுக்குப் பாறையில் போய் நிற்பதற்கு இல்லை.

இங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். மார்ச் 31 கடைசி. உங்கள் வலது கை சரியாகி வருகிறது என்றால் போடுவேன். இல்லை என்றால் வந்துவிடுவேன். உண்மையை எழுதுங்கள்.

உங்கள் ஷைஜா

கீரிப்பாறை
16 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷைஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வீணாகப் பயப்படாதே. தூண்டில் செய்துவிட்டேன்.

ஒன்பது அடி மூங்கில். ரப்பர் ஷீட் போடும் புகைப்புரையில் இரண்டு வாரம் தொங்கவிட்டுக் காயவைத்தேன். பழைய செருப்பை வட்டவட்டமாக வெட்டிக் கோத்துக் கைப்பிடி. தூண்டில் நூல் ஓடுவதற்குக் குடைக்கம்பியை வளைத்து ஏழு வளையம், மூங்கிலோடு நூல் சுற்றிக் கட்டியிருக்கிறேன். நூலின் மேல் வார்னிஷ் அடிக்கச் சொல்கிறது புத்தகம். பால்வெட்டுகிறவன் வீட்டில் வார்னிஷுக்கு எங்கே போவது? ரப்பர் பாலையே பூசினேன். இரும்புப் பிடி.

இதில் புழுவும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். கனத்த நூலையே வீசினால், நுனி முள்ளில் கட்டிய சேவல் இறகு ஈயைப்போலத் தண்ணீரில் உட்காரும். பக்கத்து வீட்டுச் செல்லபாயின் சேவலுக்கு இப்போது வால் குறைவு. அவளுக்குத் தெரியாது.

கை நன்றாக இருக்கிறது. நீ கையெழுத்துப் போடு. என் எழுத்து கோணலாக இருந்தால் மேசை ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஞானசிங்

கால்வே
2 மார்ச் 2025

பிரியமுள்ள அத்தானுக்கு,

தூண்டில் கதையை இரண்டுதரம் படித்துச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

அந்த மேசை என் அப்பா கல்யாணத்துக்குச் செய்து தந்த தேக்கு மேசை. அது ஆடாது அத்தான்.

ஏழு வளையத்தையும் எந்தக் கையால் கட்டினீர்கள்? நூலை எந்தக் கையால் வீசுகிறீர்கள்? இதை மட்டும் எழுதுங்கள். அதுவரை பேனாவைத் தொடமாட்டேன். அந்த ஒப்பந்தக் காகிதத்தை பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். ஜெபிக்கத் திறந்தால் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஷைஜா

கீரிப்பாறை
17 மார்ச் 2025

என் ஷைஜாவுக்கு,

மேசை ஆடவில்லை. இது இடது கை எழுத்து. வளையங்களையும் இடது கையாலும் பல்லாலும்தான் கட்டினேன். ஒரு வளையத்துக்கு மூன்று நாள் ஆனது. வலது கை மூங்கிலின்மேல் சும்மா கிடந்தது.

சனிக்கிழமை காளிகேசம் ஆற்றில் தூண்டிலைப் போட்டுப் பார்த்தேன். அபினா கரையில் உட்கார்ந்திருந்தாள், கோபப்படாதே. இடது கையால்தான் வீசினேன். நான்காவது வீச்சில் இறகு பதமாக விழுந்தது, ஒரு கெண்டை கவ்வியது. நூல் ஓடவேண்டும், ஓடவில்லை. வெயிலில் ரப்பர் பால் இளகி வளையத்தோடு நூலைப் பிசின்போல ஒட்டிவிட்டது. வலது கையால் பிரித்துவிடப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை ஷைஜா. ஒரு விரல்கூட மடங்கவில்லை. நூல் அறுந்து மீன் போய்விட்டது.

போகிற மீனைப் பார்த்து "வா, வா" என்று கத்தியிருக்கிறேன். எனக்கே தெரியாது. அபினா ஓடிவந்து, "அண்ணா, நல்லா தெளிவா சொன்னியளே, இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

நான் ஏன் போனுக்கு வரவில்லை தெரியுமா? நீ திரும்பியதும் முதல் தடவை நான் போனில் குழறிக் குழறிப் பேசியபோது "என்ன சொன்னீங்க, என்ன சொன்னீங்க" என்று மூன்றுதரம் கேட்டாய். பிறகு நீ வாயைப் பொத்திக்கொண்டு அழுதது கேட்டது. என்னால் அதைத் தாங்க முடியவில்லை. என்னால் நீ வேலையை விடவேண்டாம் என்றுதான் பொய்யும் எழுதினேன்.

30ஆம் தேதி ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் அபினாவின் போனில் கூப்பிடுவேன். அதற்குள் இந்தக் கடிதம் உனக்குக் கிடைத்துவிட வேண்டும். ஆற்றில் கத்திய அந்த ஒரே ஒரு சொல்லைத்தான் சொல்வேன். புகைப்புரையில் யாரும் இல்லாத நேரம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். அன்றைக்கு அது சரியாக வராவிட்டாலும் திரும்பக் கேட்காதே. என்ன சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

உன் ஞானசிங்