நீ போன பிறகும் பிரிந்துகொண்டிருந்த செல்கள்

என் உசுருக்கு உசுரான கருப்பசாமி அண்ணனுக்கு,

அடுத்த வாரம் உனக்கு முதல் வருசத் திதி. அதை எந்த நாளில் கும்பிடுவது என்று எம்.ரெட்டியபட்டி வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை. அம்மா நேற்றுதான் ஒத்துக்கொண்டாள்.

எல்லாம் என் வாயால் வந்த வினை. பந்தல்குடி டீக்கடையில் லோடு வண்டியை நிறுத்திவிட்டு, "எந்தங்கச்சி ரத்தத்துக்குப் போட்டோ எடுக்குறா" என்று பீற்றிக்கொள்வாயே, அந்த மதுரை லேப் வேலை என்னவென்று அம்மா கேட்டாள். இரத்தப் புற்றுநோய்க்காரர்களின் எலும்பு மஜ்ஜையை உடம்புச் சூட்டில் வைத்துச் செல்களை வளர விடுவோம், ஒன்று இரண்டாகப் பிரிகிற நேரத்தில்தான் உள்ளே இருக்கும் குரோமோசோம் தெரியும், மருந்து விட்டு அந்த நிலையிலேயே நிறுத்திப் பார்ப்போம் என்றேன். அதோடு விட்டேனா? "அண்ணனோடது, அண்ணன எரிச்ச அன்னைக்கும் பிரிஞ்சுக்கிட்டுத்தாம்மா இருந்துச்சு" என்று சொல்லித் தொலைத்தேன்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அப்ப எம்புள்ளைக்கு உசுரு இருந்துச்சாடி? உசுரு அடங்குன நாளுக்குத்தான் திதி. அது என்னைக்குன்னு சொல்லு."

அந்தச் செல்கள் என்றைக்கு நின்றன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். நீ ஆஸ்பத்திரியில் விடியக்காலை கண்ணை மூடினாய். முதல்நாள் எடுத்த மஜ்ஜை எங்கள் லேப்பில் வளர்ந்துகொண்டிருந்தது. "இனி இந்த ரிசல்ட் யாருக்குக்கா?" என்று கூட வேலை பார்க்கும் பெண் கொட்டப் போனாள். நான் விடவில்லை. மறுநாள் சித்தப்பா சுடுகாட்டில் பால் ஊற்றிவிட்டு வந்ததும் பஸ் ஏறிவிட்டேன். எழவு வீட்டில் ஒரு நாள் இருக்க மாட்டாளா என்று அத்தை ஏசியது காரியாபட்டி தாண்டியும் காதில் கேட்டது.

வேறு யார் கையும் உன்னை நிறுத்தக் கூடாது என்று நினைத்தேன். மருந்தை நான்தான் விட்டேன். இப்போதும் யாருக்கோ அந்த மருந்தை எடுக்கும்போதெல்லாம் பக்கத்தில் வந்து நிற்கிறாய். எதற்கு அண்ணே அப்படிப் பார்க்கிறாய்?

நேற்று அம்மாவை உட்காரவைத்துச் சொன்னேன்.

"அண்ணே விடியக்காலமே போயிருச்சும்மா. அதுக்கப்புறம் வளர்ந்தது அண்ணன் இல்ல, அண்ணனக் கொன்ன நோயி."

"எல்லாமேவாடி?"

"எல்லாமேதாம்மா."

என் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு, சித்தப்பா சொன்னபடி நீ கண்ணை மூடிய நாளிலேயே கும்பிடலாம் என்றாள்.

அது பொய் அண்ணே. மைக்ராஸ்கோப்பில் நான் பார்த்தவை பெரும்பாலும் நோய்ச் செல்கள்தான். குரோமோசோம்கள் முறிந்து, இடம்மாறி ஒட்டிக் கிடந்தன. நடுவே ஒரு செல் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல், அம்மா உன்னைப் பெற்றபோது இருந்தபடியே இருந்தது. அது நோய் இல்லை, நீ. இரண்டாகப் பிரிய இருந்ததை நான் நிறுத்தியிருந்தேன்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா அவள் நாளில் உனக்குப் படைக்கட்டும். அதற்கு மறுநாள், உன்னை நான் நிறுத்திய நாளில், லேப்புக்கு லீவு போட்டுவிட்டு, நான் தனியாக உனக்கு இலை போடுவேன். நான் இருக்கிற வரைக்கும், வருசா வருசம் போடுவேன் அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
தங்கச்சி முத்துலட்சுமி