கடை மூடும் கிழமை

பிப்ரவரி 3, திங்கள்

சபை கூடியது. துறைகளின் வேலையை மேற்பார்வையிட ஒரு புதிய துறை வேண்டும் என்று முதல் நாளே ஒரு மசோதா. எழுந்து, அந்தத் துறையை யார் மேற்பார்வையிடுவது என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நிறைவேற்றினார்கள். வரிக்குறைப்பு மசோதா குழுவுக்குப் போய்விட்டது, அதாவது கிணற்றில் போட்டாகிவிட்டது. அடுத்து, பள்ளிகளில் பெற்றோர் குழுக்களைக் கலைக்கப்போகிறார்களாம். இனி பிள்ளைக்குப் பல் விழுந்தாலும் தலைநகருக்குத்தான் மனு போட வேண்டும்.

எதிர்க்கட்சி செய்தால் வாய்விட்டுத் திட்டலாம். செய்வது என் கட்சி. என்னைப் பழமைவாதி என்கிறார்கள். ஆமாம், பழமைவாதிதான். ஓடுகிற வண்டியைப் பிரித்துப் போடாதே என்கிறவன்.

மதியம் கட்சிக் கொறடா கூப்பிட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கடைகளை மூட வேண்டும் என்ற சட்டத்தை நீக்கும் மசோதா இந்த மாதமே வருகிறது. எதிர்த்துத்தான் வாக்களிப்பேன் என்றேன். "அப்போ அடுத்த தேர்தல்ல உங்களுக்கு சீட் இருக்கான்னு நான் சொல்ல முடியாது" என்றார். நீங்கள் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

எதிர்க்கட்சி உறுப்பினரான தொழிற்சங்கத்துக்காரர் தாழ்வாரத்தில் வந்து கைகுலுக்கினார். பதினைந்து வருடமாக என்னைப் பிற்போக்கு என்று மேடைபோட்டுத் திட்டியவர். தொழிலாளிக்கு ஓய்வு வேண்டும் என்கிறார் அவர். குடும்பத்துக்கு ஒரு நாள் வேண்டும் என்கிறேன் நான். பாம்பும் கீரியும் ஒரே வீட்டுக்குக் காவல் நிற்கிறோம். ஆனாலும் மூன்று வாக்கில் தோற்போம் என்று அவரும் எண்ணிவிட்டார், நானும் எண்ணிவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மகள், மாப்பிள்ளை, பேத்தி மூவரும் சாப்பிட வந்தார்கள். மாப்பிள்ளை தூரத்து லாரி ஓட்டுகிறவர். திங்கள் விடிவதற்குள் கிளம்பினால் சனி இரவுதான் வீடு. மகளுக்குப் பெரிய கடையில் பில் போடும் வேலை. நான்கு பேரும் பேத்தியும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரும் நாள் இது ஒன்றுதான். பேத்தி அவள் அப்பாவின் மடியிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். ஆறு வயதாகிறது, கீழே இறக்கினால் அழுகை.

மகள் கிண்டல் செய்தாள். "எல்லாத்துக்கும் சட்டம் எதுக்குன்னு கத்தறதும் நீங்கதான். கடைய மூடச் சட்டம் வேணும்னு கத்தறதும் நீங்கதான். ஒண்ணுல நில்லுங்கப்பா."

எல்லோரும் தாமாக மூடினால் சட்டம் வேண்டாம்தான். ஒருத்தன் திறந்தால் பக்கத்துக் கடைக்காரனும் திறந்தாக வேண்டும். பூட்டும் ஆணியும் விற்ற கடையில் இருபது வருடம் உட்கார்ந்தவன் நான், எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆணி விற்றதில்லை, வாங்கியதுமில்லை.

பாத்திரம் கழுவும்போது மகள் மெல்லச் சொன்னாள். கடை மேலாளர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டாராம், ஞாயிறு யார் யார் விருப்பப்பட்டு வருகிறீர்கள் என்று. விருப்பமில்லை என்றால்? "விருப்பம் இல்லாதவங்களுக்கு மத்த நாளும் வேலை இல்லைப்பா."

பிப்ரவரி 14, வெள்ளி

நெட்டை வீட்டுக்கு வந்தான். முதல்முறை ஜெயித்து வந்த நாளிலிருந்து சபையில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரன். என் கட்சிதான், ஆனால் இந்தச் சட்டம் போக வேண்டும் என்கிறவன். அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்து, இப்போது கிரிக்கெட் மட்டும் பேசுகிறோம்.

உட்கார்ந்ததும் அழுதான். மனைவிக்குக் கட்டி. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை. வாக்கெடுப்பும் அன்றுதான். யாருக்கும் தெரியக் கூடாது என்று அந்த அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாராம். இவன் வராவிட்டால் கொறடா காரணம் கேட்டுக் குடைவார், மசோதாவுக்கு ஒரு வாக்கும் குறையும்.

"நீ உள்ள போகாத, நானும் போகலை. கணக்கு சரியாயிடும். கொறடாகிட்ட அதை மட்டும் சொல்லிடறேன்" என்றான்.

எங்கள் சபையில் இப்படி ஒரு பழக்கம் உண்டு. எதிரெதிராக வாக்களிக்கும் இருவரில் ஒருவர் வர முடியாமல் போனால் மற்றவரும் வெளியே நிற்பார். எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. கைகொடுத்தால் முடிந்தது. மூன்று வாக்கில் தோற்கிற சண்டைக்கு நான் உள்ளே இருந்தென்ன, வெளியே இருந்தென்ன? கை கொடுத்தேன்.

பிப்ரவரி 15, சனி

மனைவி கேட்டாள்: கைகொடுக்கிறதுக்கு முன்னால ஒரு ராத்திரி யோசிச்சிருக்கலாமே? கூடப் பழகினவன் அழும்போது என்னத்தடி யோசிக்கிறது என்றேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

கேன்டீனில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாக்கெடுப்பு மணி அடிக்கத் தொடங்கியது. மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். சங்கத்துக்காரர் மூச்சிரைக்க ஓடி வந்தார். ஆளுங்கட்சி உறுப்பினரான பல் டாக்டர் கடைசி நிமிடத்தில் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டாராம். அவருடைய ஆஸ்பத்திரி நர்சுகள் எல்லாரும் சேர்ந்து போய்ப் பேசியிருக்கிறார்கள்.

"ஒரே ஓட்டுதான் இடிக்குது. நெட்டையும் இன்னைக்கு வரலை. நீங்க ஒரு ஆள் உள்ள வந்தா சமம். சமம்னா சட்டம் பிழைச்சுது, எந்திரிங்க."

அது உண்மை. சமமாக வந்தால் அவைத்தலைவர் இருக்கிற சட்டத்தின் பக்கம்தான் வாக்குப் போடுவார், அதுவும் பழக்கம்.

வார்த்தை கொடுத்திருக்கிறேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்தது. "அந்தப் பழக்கத்தையெல்லாம் உங்க ஆளுங்களே எப்பவோ விட்டாச்சு. ஊர்ல இருக்கற அத்தனை பொம்பளைங்களும் ஞாயித்துக்கிழமை பில் போட நிக்கப் போறாங்க. நீங்க வார்த்தைங்கறீங்க."

போனைக் கையில் எடுத்தேன். நெட்டையின் பேரைத் தேடி எடுத்துவிட்டேன். அறுவை அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனைக் கூப்பிட்டு, 'என் வார்த்தையைத் திருப்பிக் கொடுடா' என்றா கேட்பது? கேட்கலாமா? மனுஷன் கேட்பானா? மணி நின்றது.

ஒரு வாக்கில் சட்டம் போனது.

பிப்ரவரி 19, புதன்

'கடைசி நேரத்தில் பணிந்தார்' என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். நிருபர்கள் காரணம் கேட்டார்கள். அந்த அம்மாவின் நோயை இழுத்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளவா? உடம்பு சரியில்லை என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று. நெட்டைக்கு நான் கைகொடுத்தது கொறடாவுக்குத் தெரியும். அவரே என் முதுகில் தட்டினார். "நல்ல முடிவு. சீட் உங்களுக்குத்தான்." துரோகம் செய்தவனுக்குக் கிடைப்பதெல்லாம் எனக்குக் கிடைக்கிறது, துரோகம் ஒன்றுதான் செய்யவில்லை.

மகளுக்கு நான்கு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

மகள் எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன், அவளிடம் மட்டும். பிறகு, "நீங்க செஞ்சது சரிதான்பா" என்றாள். திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 27, வியாழன்

நெட்டை வந்தான். மனைவி பிழைத்துக்கொண்டார். கஞ்சி குடிக்கிறார், அவனைத் திட்டவும் தொடங்கிவிட்டாராம். மனதார சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை.

கிளம்பும்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான்.

"பல் டாக்டர் மாறினது எனக்கு மறுநாள்தான் தெரியும்டா. நீ ஒரு போன் பண்ணியிருந்தா, உள்ள போடான்னு சொல்லியிருப்பேன்."

போன் கையில் இருந்ததை அவனிடம் சொல்லவில்லை. அவன் நல்ல மனதோடு சொன்னான், அதுதான் தாங்கவில்லை. படுபாவி, கைகொடுத்த அன்றைக்கே இதைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இல்லை, நான்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நான் என்ன ஆள்? கேட்காததால் மட்டும் என்ன ஆள் ஆகிவிட்டேன்?

மார்ச் 12, புதன்

பெற்றோர் குழுக்களைக் கலைக்கும் மசோதாவும் நிறைவேறியது. எதிர்த்துப் பேசினேன். நான் எழுந்ததும் பின்வரிசையில் யாரோ மணி அடிப்பதுபோல வாயால் சத்தம் கொடுத்தான். சபை சிரித்தது. சங்கத்துக்காரர் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடைகள் திறந்த முதல் ஞாயிறு.

மாப்பிள்ளையும் பேத்தியும் மட்டும் வந்தார்கள். பேத்தி மடியில் உட்கார்ந்துகொண்டு, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். சாயங்காலம் என்றார் மாப்பிள்ளை. நாளை விடிவதற்குள் அவர் கிளம்ப வேண்டும். என் மனைவி மகளின் பங்கை ஒரு டப்பாவில் போட்டு மூடி என் கையில் கொடுத்தாள்.

மகள் வேலை செய்யும் கடையில் கூட்டமென்றால் கூட்டம். வாசலிலேயே என் தொகுதிக்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி, பிள்ளைகளோடு வந்திருந்தார். "ஞாயித்துக்கிழமை கடை திறந்தது ரொம்ப சௌகரியம் சார். உங்களாலதான்னு பேப்பர்ல பார்த்தோம்" என்றார். அவருடைய பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். குடும்பமாகத்தான் வந்திருக்கிறார்கள்.

ஊழியர்களுக்கு வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்று காவலாளி டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். மகளைப் பார்க்க வேண்டும் என்றால் பில் வரிசையில்தான் நிற்க வேண்டும். வெறுங்கையோடு எப்படி நிற்பது? பக்கத்து அடுக்கில் கிடந்த ஒரு சின்னப் பூட்டை எடுத்துக்கொண்டேன். நான் விற்ற பூட்டின் கனம் இதில் பாதிகூட இல்லை.

வரிசை மெதுவாக நகர்ந்தது. காலையிலிருந்து நிற்கிறாள் போலிருக்கிறது, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டே இருந்தாள். என் முறை வந்தது. பூட்டை வைத்தேன். எடுத்து, பில் போட்டு, என் பக்கம் தள்ளினாள். தலை நிமிரவில்லை.

"பை வேணுமா சார்?" என்றாள்.