வெள்ளிக்கிழமை லைப்ரரி

ஷார்ஜா, 2003

அன்புள்ள இஃப்பத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நான் நல்ல சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைஞ்சிருக்கா?

ஒரு தமாஷ் கேளு. எந்த இடத்துக்கு எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்த்துத்தான் எங்க யுனிவர்சிட்டியில் எதையும் முடிவு பண்ணுவாங்க. அந்தக் கணக்கை கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்கிறது என் வேலை. இங்கே வார லீவான வெள்ளிக்கிழமையில் லைப்ரரிக்கு ஒரே ஆள்தான் வர்றதா அதில் தெரிஞ்சது. "யார் அது?"ன்னு மீட்டிங்கில் மேனேஜர் கேட்டார். "நான்தான் சார்"னேன். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். இனி வெள்ளிக்கிழமை லைப்ரரி லீவு.

கவலைப்படாதே, ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ரூமிலேயே இருந்துக்குவேன். நம்ம ஊர் அஸ்லாம் லீவில் லெப்பைக்குடிக்காட்டுக்கு வர்றான். நீயும் நம்ம பிள்ளை ஆஃப்ராவும் பேசி ஒரு கேசட் பதிஞ்சு அவன்கிட்ட கொடுத்தனுப்பு. பேச ஒண்ணும் இல்லேன்னா டேப்பை ரெக்கார்டில் போட்டு அடுப்படியில் வச்சிட்டு நீ பாட்டுக்கு சமை. அது போதும்.

வேலைக்குப் போற வேன் வந்துட்டுது. துஆ செய்.

தௌஃபீக்