ஊறுகாய் ஜாடியில் விழுந்த எதிர் ஓட்டு

உன் கண்ணாடி ஜாடி என் மேசை மேல் இருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் அந்த எலுமிச்சை ஊறுகாய் வாசனை போவதில்லை. நேற்று நம் தெருச் சங்கத்துக்குத் தலைவி தேர்தல். உனக்குத்தான் தெரியுமே, இந்த நாற்காலியில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியாது.

நகராட்சித் தேர்தலைப் பார்த்தே பல காலமாகிவிட்ட ஊர் இது. நம் மூலக்குளம் பகுதியில் சாக்கடை அடைத்தால் அதிகாரி எம்.எல்.ஏ.வைக் கேள் என்பார். எம்.எல்.ஏ., கோப்பு மேலே நிற்கிறது என்பார். சங்கத் தலைவி என்று தெருவே என் கேட்டைத் தட்டும். விலகுகிறேன் என்றால், "நீங்க இருக்கும்போது எதுக்குங்க தேர்தல்?" என்று கைதட்டி மறுபடி உட்கார வைப்பார்கள். மரியாதையாலேயே என்னைப் பூட்டி வைத்தார்கள்.

அந்தக் கைதட்டலை நிறுத்தியவள் நீ. பிரெஞ்சுப் பட்டாளத்து வீட்டுக்காரரோடு பாதி ஆயுளைப் பிரான்சில் கழித்தவள், அந்த நாட்டுக் குடியுரிமைக்காரி. "பிரான்சு ஜனாதிபதிக்கு இங்கருந்தே ஓட்டுப் போடறேன், என் வாசல் சாக்கடைக்குப் போட முடியல பாரு" என்று சிரிப்பாய். ஒருநாள் இந்த ஜாடியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாய். "உள்ள ஒண்ணுமில்லன்னு எல்லாரும் பாக்கணும்." வீட்டுக்கு ஓர் உறை, 'சரி' ஒரு சீட்டு, 'வேண்டாம்' ஒரு சீட்டு. மறைவாகப் போய் ஒன்றை மட்டும் உறைக்குள் வைக்க வேண்டும். உறை விழும்போதெல்லாம், அங்கே செய்வது போல, "ஆ வொத்தே!" என்று கூவுவாய். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தமாம். பிள்ளைகளும் சேர்ந்து கூவும்.

வருஷா வருஷம் ஒரே ஒரு 'வேண்டாம்' விழும். அது உன்னுடையது என்று தெருவுக்கே தெரியும். முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எம்மேல என்னடி கோவம்?"

"கோவமா? நீ எம் உசுருடி. ஆனா எதிர்ல ஒரு ஓட்டாவது விழணும். இல்லன்னா அது தேர்தல் இல்ல, ஆசீர்வாதம்."

நீ கண்ணை மூடிய பிறகு நேற்றுதான் முதல் கூட்டம். ஜாடியைக் கண்டதும் எதிர்வீட்டுக்காரர், "அந்தம்மாவே போயிட்டாங்க, இன்னும் எதுக்குங்க இது? கையத் தட்டிட்டு டீயக் குடிப்போம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்கு எல்லோரிடமும் உறைகளை நீட்டினேன். என் முறை வந்தபோது என் உறைக்குள் 'வேண்டாம்' சீட்டை வைத்துப் போட்டேன். "ஆ வொத்தே" என்று நானே சொன்னேன்.

எண்ணினார்கள். மற்றதெல்லாம் 'சரி'. 'வேண்டாம்' மட்டும் இரண்டு.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "ரகசியம்னா ரகசியந்தான், கேக்கக் கூடாது" என்ற உன் கண்டிப்பு ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டேன்.

மறுபடியும் நான்தான் தலைவி. சாக்கடை அப்படியேதான் நிற்கிறது. விடிந்ததும் விடியாததுமாகக் கேட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் ஒரு வருஷம் இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் இன்று பால் வாங்கப் போகும்போது ஒவ்வொரு வாசலையும் நின்று நின்று பார்த்தேன்டி. இதில் ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் நீ இருக்கிறாய்.