உம்ம காருக்கு வேற பெட்டி

என் பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

நம்ம பட்டறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கண் லேப்டாப்பில் இருக்கிறது, எழுத்து கோணினால் திட்டாதேயும். எதிரே உம்ம வாடகைக் கார் நிற்கிறது. எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர் பெட்டிக்கு உம்ம லேப்டாப்பிலிருந்து புரோகிராம் ஏறிக்கொண்டிருக்கிறது. முப்பத்தொரு சதவீதம். நடுவில் பேட்டரி தடுமாறினால் பெட்டி செத்துப்போகும் என்று நீர்தானே சொல்லுவீர்?

நீர் போன பிறகு கார் ஸ்டார்ட் ஆகவே இல்லை. "ஓட்டுனவரு போன துக்கம் வண்டிக்கும் இருக்கும்லா" என்றார் பக்கத்துக் கடை அண்ணாச்சி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. டேஷ்போர்டுக்குக் கீழே திறந்து பார்த்தால் பெட்டி இருக்கிற இடமே காலி! அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நம்ம வாடிக்கைக்காரர் அந்த வாசுதேவநல்லூர்க்காரர் கார் நின்றுபோனபோது, கோளாறு பெட்டியில்தானா என்று பார்க்க உம்முடையதைக் கழற்றி அதில் மாட்டினீர். "புதுசு வந்ததும் மாத்திக்கிடலாம்" என்றீர். நாலாம் நாள் ஒரேயடியாகப் போய்விட்டீர். அப்படி என்னவே அவசரம் உமக்கு?

அவருக்குப் போன் போட்டேன். பதறிவிட்டார். "இப்பவே வாரேன் அண்ணாச்சி, கழட்டிக்கிடுங்க" என்றார். வாரத்துக்கு மூன்று நாள் அவர் அம்மாவை அந்தக் காரில்தான் டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிறாராம்.

கோமதியிடம் சொன்னேன். உம்ம பெண்டாட்டி லைசென்ஸ் எடுத்துவிட்டாள், தெரியுமா? நாளைக் காலை ராயகிரிக்கு முதல் சவாரி. "அவுக மாட்டுனது அங்கனயே இருக்கட்டும்ணே. எனக்கு வேற பெட்டி வச்சுக் குடு" என்றாள்.

லேசாகச் சொல்லிவிட்டாள்! ஸ்பானர் வேலை என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். லேப்டாப் உம்ம வேலையல்லவா? மதுரையில் தேடிக் கிடைத்த பழைய பெட்டி இது ஒன்றுதான். இதுவும் கெட்டால் நாளைச் சவாரி போச்சு. இப்போதுதான் வந்திருக்கிற தைரியமும் அவளை விட்டுப் போய்விடும். பயமாக இருக்கிறது மாப்ளே. பேட்டரிக்குச் சார்ஜர் போட்டிருக்கிறேன், போதுமா?

பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன், இப்போதுதான் திரும்ப உட்காருகிறேன். எழுபதில் கரண்ட் போய்விட்டது! சார்ஜர் அணைந்தது. என்ன ஆச்சோ என்று பக்கத்தில் நின்ற கோமதி கார் கதவில் கை வைத்தாள். "ஏட்டி, தொறக்காத! உள்ள லைட்டு எரிஞ்சா பேட்டரி தடுமாறிரும்!" என்று கத்தினேன். அப்படியே நின்றாள். எழுபது நகரவே இல்லை. அப்புறம் எழுபத்தொன்று.

நூறு வந்த பிறகும் சாவியைத் திருப்ப எனக்குக் கை வரவில்லை. அவளே திருப்பினாள். ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. அழுதுவிட்டேன் வே. "வண்டிதான் ஓடுதுல்லா, பொறவு எதுக்குண்ணே அழுவுத?" என்றாள். அவள் கண்ணும் சரியாக இல்லை.

நீர் சவாரி போன நாளெல்லாம், திரும்பி வருகிற வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். உமக்குத் தெரியாமலே இத்தனை வருஷம் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் என்னிடம் சொன்னாள். இனி அந்த வேலையை நான் பார்க்கிறேன். அவள் கார் வந்து சேராமல் இந்தப் பட்டறையைப் பூட்ட மாட்டேன், சத்தியம்.

கோமதிக்கு அண்ணன்,
உமக்கு என்றைக்கும் மச்சான்.